வேலு அண்ணனின் மீசையும் பெட்டியின் பொடி எழுத்தும்

தலைச்சாயம் விற்கிற கடையில் எச்சரிக்கையைப் படிக்கிற ஒரே ஆள் கடைக்காரன்தான். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கிழிக்கிற நரைத்தலைக்காரர்களே, நானும் ஒருகாலத்தில் உங்கள் கட்சிதான். மஸ்கட்டிலிருந்து திரும்பிக் கள்ளிக்குப்பத்தில் இந்த ஃபேன்சி ஸ்டோரை வைத்த பிறகு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பொடி ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வதும் வியாபாரத்தில் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து, எங்கள் தெரு வேலு அண்ணன் வாட்ச்மேன் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். போன இடமெல்லாம் தலையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். பூந்தமல்லியில் ஓர் ஏஜென்சி கூப்பிட்டிருக்கிறது என்று கருப்புச் சாயம் கேட்டார்.

"இதுல இருக்கிற மருந்து சிலபேருக்கு ஒத்துக்காதுண்ணே. மொதல்ல முழங்கை மடிப்புல துளி தடவி, ரெண்டு நாள் பாக்கணும்னு போட்டிருக்கான்" என்றேன்.

"திங்கக்கெழம காலீல இன்டர்வியூ கீது தம்பி. செவ்வாக்கெழம ஒத்துக்கினா எனுக்கு இன்னா பிரயோஜனம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை

ஆனாலும் என் பேச்சை அவர் தட்டவில்லை. மறுநாள் துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்து நின்றார். துண்டை எடுத்தால் மேலுதடு மெதுவடை மாதிரி வீங்கியிருந்தது. தடவிப் பார்க்கத்தான் பார்த்திருக்கிறார், மீசையில்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஊசி போட்டு, இனிமேல் இந்தச் சாயத்தைத் தலைப்பக்கமே கொண்டுபோகக் கூடாது என்றார். வெளியே வந்ததும், ஏண்ணே மீசையில் போய் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கைய எவன் பாக்கப் போறான் தம்பி? மீசதான முன்னாடி நிக்குது."

திங்கட்கிழமை மதியம்

கடைக்கு வந்த ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை. வீக்கம் வடிந்திருந்தது. மீசையும் இல்லை, தலைமுடியும் இல்லை. மொட்டையில் சந்தனம் மட்டும். ஞாயிற்றுக்கிழமையே நம் தெரு சலூனில் எல்லாவற்றையும் மழித்துவிட்டு, ஏஜென்சியில் போய், "திருப்பதி போய்ட்டு வந்தேன் சார்" என்றிருக்கிறார். மொட்டைத் தலைக்கு என்ன வயசு தெரியும்? அந்த மேனேஜர் எழுந்து கும்பிட்டாராம். நாளை முதல் வேலை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "திரும்ப வெள்ளையாத்தானே வளரும்ண்ணே?" என்றேன். மொட்டையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"மொளைக்கறதுக்குள்ள நல்ல பேரு எட்த்துர்றேன் தம்பி."

சாயத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அத்தனை பொடி எழுத்தில் அச்சடிக்கிறவர்களுக்கு, அதை வாங்க வருகிறவர் என்ன அவசரத்தில் வருகிறார் என்பதற்கு மட்டும் பெட்டியில் இடம் கிடைப்பதில்லை.