ஆளில்லாத லயம் என்று நான் எழுதியது

பதுளை பஜாரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. பகல் முழுவதும் கடையில் நிற்பவனுக்குப் படமெடுக்க மிஞ்சுவது இரவுதான். எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, கேமராவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை, கூரை போன பங்களா, தோட்டத் தொழிலாளர்கள் விட்டுப்போன வரிசை வீடுகளான லயங்கள் என்று தேடித் தேடி எடுத்தேன். கேமராவை அரை நிமிடம் திறந்து வைத்துவிட்டு, அதற்குள் டோர்ச் லைட்டுடன் உள்ளே ஓடிச் சுவரில் வெளிச்சம் அடிப்பேன். படத்தில் ஜன்னல்கள் மஞ்சளாக எரியும். ஓடிய நான் அதில் தெரியமாட்டேன்.

நமுனுகுல மலைச்சரிவில் அந்த லயத்தைக் கண்டது ஒரு மழைக்காலத்தின் முடிவில். வீட்டுக்கொரு அறையாகப் பத்துக் காம்பராக்கள், ஒன்றிலும் விளக்கில்லை. மண்சரிவு அபாயம் என்று அங்கிருந்தவர்களை வெளியேற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஓரத்துக் காம்பராவின் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்து உள்ளே போய் வெளிச்சம் அடித்துவிட்டு, திரும்பக் கட்டினேன். புதுக் கயிறு. அது கையில் தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

படம் நன்றாக வந்திருந்தது. ‘ஆளில்லாத லயம்’ என்று தலைப்பிட்டு, எந்தத் தோட்டம், எந்தப் பாதை என்பதையும் எழுதி முகநூலில் போட்டேன். என் படம் எதுவும் அதுவரை அவ்வளவு பேரால் பகிரப்பட்டதில்லை. அதே கோணத்தில் பகலில் எடுத்ததும் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

தூரத்திலேயே கூரைகளின் மேல் புகை தெரிந்தது. கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்தன. நான் வெளிச்சம் அடித்த காம்பராவின் வாசலில், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் பானை கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரத் தேடுறீங்க தம்பி?”

“இங்க யாரும் இல்லன்னு நெனச்சேங்க்கா.”

“ராத்திரிக்குத்தான் இல்ல. மழை பேஞ்சா மண்ணு சரிஞ்சிரும்னு எழும்பச் சொல்லிட்டாங்க. எல்லாரும் பிள்ளைக்காம்பராவுல படுக்கிறோம். கைப்பிள்ளைங்கள விட்டுட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போற எடந்தானே, அங்க அடுப்பு வைக்க ஏது வசதி? விடிஞ்சதும் இங்க வந்துதான் சமையல், குளிப்பு எல்லாம். வேற வீடு குடுக்கிற வரைக்கும் இப்பிடித்தான்.”

தேத்தண்ணி கொடுத்தார். உள்ளே உட்கார்ந்து குடித்தேன். அன்றிரவு டோர்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது வெடித்த சுவரை மட்டும்தான். அந்தச் சுவரிலேயே சாமிப் படம் இருந்தது; அதற்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள், மடித்து வைத்த பாய், கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகளின் படம். எல்லாம் அன்றும் இருந்திருக்கும்.

கேமராவைப் பார்த்ததும், “ஒரு படம் எடுத்துக் குடுங்களேன்” என்றார். தலை வாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பகல் படத்தை நான் போடவில்லை. இரவுப் படத்தை முகநூலிலிருந்து நீக்கவுமில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ‘பேய் இருக்குமோ’ என்று படத்தின் கீழே கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வரியை எழுத மனம் வரவில்லை. எழுதினால் படத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று பட்டது.

இரண்டு வாரம் கழித்து, கடைக்கு வந்த அந்தப் பக்கத்து லொறி டிரைவர் சொன்னார்: இரவில் யாரோ வாகனத்தோடு வந்து லயத்தின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அன்றைக்கே மழையும் பெய்திருக்கிறது.

மறுநாள் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். காம்பராக்களுக்குள் வானம் தெரிந்தது. அந்தப் பெண் நனைந்த பாயை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். அருகில் போய், முகநூலில் அந்தப் படத்தைப் போட்டது நான்தான் என்று சொன்னேன்.

பாயை இழுத்த கை நின்றது. “மக அனுப்பியிருந்தா. ஒங்களுதா அது?”

“ஆமாங்க்கா.”

“நம்ம வீட்டுல வெளிச்சம் தெரியுதே, ராத்திரியில யாரு வந்து வெளக்கு வச்சதுன்னு நானும் அவளும் பேசிக்கிட்டோம். அந்தச் சாமத்துல கதவ அவுத்தது நீங்கதானா?”

ஆமென்று தலையாட்டினேன்.

“அன்னைக்கு இங்க ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சீங்களே தம்பி. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

பாயின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன். அவர் தடுக்கவில்லை. தகரம் கழற்றியவர்கள் என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தும் யாரும் அகப்படவில்லை. படத்தை அன்றே அழித்தேன். வேறு யார் யாரோ எடுத்துப் போட்ட பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன.

கூரை போனபின் பகலிலும் அங்கே யாரும் வரவில்லை. சில குடும்பங்கள் கீழே தற்காலிகக் குடிசைகளுக்குப் போயின. அந்தப் பெண் மொனராகலையில் தம்பி வீட்டுக்குப் போவதாகக் கேள்விப்பட்டு, பகல் படத்தைப் பெரிதாக அச்சிட்டு பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“மத்த வீடுகளும் படத்துல விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பக்கத்துலதானே எல்லாரும் இருந்தோம்.”

என் கோணத்தில் அவருடைய வாசல் மட்டுமே அடங்கியிருந்தது. மற்ற வீடுகளையும் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். படத்தைச் சேலைக்கு நடுவில் வைத்து மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் போய் நின்றேன். அதற்குள் கதவுகளையும் ஜன்னல் சட்டங்களையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். எது யார் வீடு என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. பத்து வீடுகளையும் எடுத்தேன். இதுவரை அவருக்கு அனுப்பவில்லை.