குழாயடிக் கம்யூனிஸ்ட்

"ஏட்டி, நீ குடிவந்த பெறகுதான் இந்த வளவுல கம்யூனிஸ்ட்டுப் பேச்செல்லாம் கேக்குது!"

கத்தியவர், ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் எங்கள் வளவு வீடுகளின் சொந்தக்காரம்மா. நான் கேட்டது ஒன்றுதான்: எல்லா வீட்டுக்கும் முதல் குடம் நிறைந்த பிறகே யாராக இருந்தாலும் அடுத்த குடத்தை நீட்டவேண்டும். கோவில்பட்டியில் இல்லத்தரசி உத்தியோகத்தில் பாதி குழாயடியில்தான் கழியும். குடமும் கையுமாக நின்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடம்பூர்க் குடம்

வெறுங்குடம் வைத்தால் வரிசையில் இடம் உண்டு, ஆள் வேண்டாம். எங்கள் வளவின் சட்டம் அது. சொந்தக்காரம்மா, கடம்பூரில் கட்டிக்கொடுத்த மகள் பேருக்கும் குடம் வைத்தார். மகள் வருவதோ தீபாவளிக்கு. குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

"இன்னைக்குக் குடத்தைத் தூக்குதா, நாளைக்கு வீட்டையே பங்கு கேப்பா!"

இரண்டு அகராதி

கம்யூனிஸ்ட் என்றால் சாமி இல்லை என்பவர் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித்தந்தார். நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கோ, முதலாளியிடம் கூலி கூட்டிக் கேட்பவன்தான் கம்யூனிஸ்ட். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு, வீட்டைக் காலிபண்ணச் சொல்லிருவாவ" என்றார். "தண்ணி இல்லாத வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றேன்.

"இந்தா, இந்தப் பேச்சைத்தான் அவிய கம்யூனிஸ்ட்டுங்காவ!"

அசல் தோழர்

கடைசி வீட்டு அண்ணாச்சி நிஜமான கட்சிக்காரர், சிவப்புத் துண்டு. நியாயம் கேட்டுப் போனேன். உழைப்பு, உபரி, உடைமை என்று அழகாக விளக்கினார். "அப்போ குழாய்த் தண்ணி யார் உடைமை அண்ணாச்சி?" என்றேன். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அதைப் பெறகு பேசுவோம் தங்கச்சி, எங்க வீட்டுக் குடம் நெறஞ்சிட்டான்னு பாத்துச் சொல்லு."

மோட்டார்

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது சொந்தக்காரம்மா தன் வீட்டுக்குள் போகும் குழாயில் தண்ணீரை இழுக்கும் மோட்டாரை மாட்டிவிட்டார். வாசல் குழாய் காற்றைத்தான் துப்பியது. வளவே வெறுங்குடத்தோடு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"நீதான கம்யூனிஸ்ட்டு, நீயே போய்ச் சொல்லு."

ஆக, எல்லார் தாகத்துக்கும் ஒருத்தியாகப் போய்க் கதவைத் தட்டுகிறவள் என்பதே அந்தச் சொல்லுக்கு எங்கள் வளவில் நிலைத்த அர்த்தம். தட்டினேன்.

"அக்கா, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க."