பால்டிமோருக்குப் போன திலகா

போன செவ்வாய்க்கிழமை காலை, நம் பழைய நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. திலகவதி தவறிவிட்டார், வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பு என்று இரண்டே வரி. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவில் யாரோ ஒருவர், “எந்தத் திலகா? பீர் திலகாவா?” என்று கேட்டிருந்தார். கேட்டவரே சங்கடப்பட்டு உடனே அதை அழித்தும் விட்டார். அழித்திருக்க வேண்டாம். அந்தப் பட்டப்பெயர் அவளுக்கு மிகவும் பிடிக்கும். ஆமாம், பீர் திலகாதான். அவளைத் தெரிந்த உங்களுக்கும், பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நானும் அவளும் அடுத்தடுத்த தடுப்பறைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். பழைய புரோகிராம்களைத் திறந்து தேதிகளைத் திருத்துவதுதான் எங்கள் பிழைப்பு. அவள் திருப்பூர்க்காரி. கோவையில் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்தவள். மாவையும் பீரையும் நொதிக்கவைக்கும் ஈஸ்ட் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டிருக்கிறாள். ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர, இவளையும் சேர்த்துவிட்டார்கள். “உயிரோட இருக்கறதப் படிச்சேன். இப்ப செத்துப்போன புரோகிராமுகளத் தட்டிக்கிட்டு இருக்கறன்,” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

வார இறுதி வந்தால் அவளுக்கு ஏதாவது ஒரு ஊருக்குப் போக வேண்டும். அங்கே நல்ல பீர் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்று எல்லோரும் கிராஃப்ட் பீர் என்கிறார்கள். அன்று மைக்ரோப்ரூ என்று சொல்வார்கள். பெரிய கம்பெனிகளின் கேன் பீர் இல்லை, கடைக்காரரே கடையின் பின்பக்கத்தில் காய்ச்சி முன்பக்கத்தில் ஊற்றிக் கொடுக்கும் பீர். அப்படிப்பட்ட கடைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்துக்கொண்டிருந்தன. என் கணவர் சேகருக்கும் கொஞ்சம் ஆர்வம் உண்டு. எனக்கு இரண்டு வாய் போதும். அதனால் வண்டி ஓட்டுவது எப்போதும் நான்.

எங்கள் முதல் பயணம் பிலடெல்பியா. ஓட்டலில் பெட்டியை வைத்ததும் சேகர் வரவேற்பு மேசையில் விசாரிக்கப் போனார். திலகா தடுத்துவிட்டாள்.

“அவங்க கிட்டக் கேட்டா அவங்க பாரையேதான் காட்டுவாங்க. வாங்க, சைக்கிள் கடை எங்க இருக்குன்னு பாப்போம்.”

“சைக்கிள் கடைக்கும் பீருக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் சேகர்.

“சைக்கிள் ஓட்டறவங்களுக்கு ஊர்ல எல்லாச் சந்தும் தெரியுமுங்க. ஓட்டி முடிச்சதும் தாகமும் எடுக்கும்.”

கையில் கிரீஸ் பூசிய ஒருவர் இரண்டு இடங்களைச் சொன்னார். முதல் இடத்தில் கிளாஸ் வந்ததும் திலகா மூக்கருகே கொண்டுபோனாள். குடிக்கவில்லை. “குழாய் கழுவறதே இல்ல போல. புளிச்ச வாடை அடிக்குது. எந்திரிங்க,” என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டுக் காசை வைத்து எழுந்தாள். இரண்டாவது இடம் ஒரு பழைய செங்கல் கட்டடம். அங்கே கோதுமையில் காய்ச்சிய பீர் ஒன்றை வாங்கி என்னிடம் நீட்டினாள். முகர்ந்து பார்த்தேன். சாட்சாத் வாழைப்பழ வாசனை, கூடவே லேசாகக் கிராம்பு.

“வாழப்பழம் போட்டிருக்காங்களா?” என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் ஆபீசில் பார்த்ததே இல்லை. “பழமும் இல்ல, கிராம்பும் இல்ல மாலதி. எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை. கண்ணுக்கே தெரியாத ஒண்ணு, பழ வாசனையக் கொண்டு வருது பாரு!” பிறகு பக்கத்து மேசையில் இருந்தவர்களிடமும் ஆங்கிலத்தில் அதையே விளக்கினாள். அவர்கள் தங்கள் கிளாஸ்களை நகர்த்திக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்கள்.

கல்யாணமாகாத தமிழ்ப் பெண் ஊர் ஊராகப் போய் பாரில் உட்காருகிறாள் என்றால் நம்மவர்கள் பேசாமல் இருப்பார்களா? அந்த வருடப் பொங்கல் விழாவில், மகன் வீட்டோடு தங்கியிருந்த கமலா ஆன்ட்டி எல்லோர் முன்னிலையிலும் கேட்டே விட்டார். சர்க்கரைப் பொங்கல் தட்டுகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

“ஏம்மா, நீ பார் பாரா போறியாமே? கேக்கவே நல்லால்ல.”

“ஆமாங்க ஆன்ட்டி. அடுத்த சனிக்கிழமை பால்டிமோர் போறமுங்க. வண்டியில எடம் இருக்கு, நீங்களும் வாங்க. துறைமுகம் பாக்கலாம்.”

வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கமலா ஆன்ட்டி தட்டைப் பார்த்தார், தூரத்தில் பேசிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்று கேட்டார். பிறகுதான் விஷயம் புரிந்தது. வந்த நாளிலிருந்து அவரைக் கோவிலுக்கும் இந்தியன் ஸ்டோருக்கும் தவிர யாரும் எங்கேயும் அழைத்துப் போகவில்லை.

அந்தப் பால்டிமோர் பயணம்தான் திலகாவின் வாழ்க்கையைத் திருப்பியது. துறைமுகத்தில் கப்பல்களைப் பார்த்துவிட்டு, ஒரு சைக்கிள் கடைப் பெண் சொன்ன, அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் ப்ரூபப்புக்குப் போனோம். ஆன்ட்டி ஆப்பிள் ஜூஸும் உப்புத் தூவிய பெரிய பிரெட்ஸல் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் வசதியாக அமர்ந்தார். திலகா தன் பீரை முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். மறுபடி முகர்ந்தாள். இந்த முறை எழுந்து போகவில்லை. ஊற்றிக் கொடுத்த பெண்ணிடம், பீரில் வெண்ணெய் வாசனை வருகிறது, ஈஸ்ட் களைத்துப்போயிருக்கலாம், காய்ச்சுபவரிடம் சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டாள்.

உள்ளேயிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெயர் டாம். சண்டைதான் வரப்போகிறது என்று நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவரோ, “ஒரு மாதமாக எனக்கும் அதே சந்தேகம். என் மனைவி என்னைப் பைத்தியம் என்கிறாள்,” என்றார். அவரிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லையாம். அடுத்த நிமிடம் திலகா உள்ளே இருந்தாள்.

நாங்கள் ஊரைச் சுற்றிவிட்டு வந்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். மேலே ஒரு ஏப்ரன் வேறு ஏறியிருந்தது. “ஆன்ட்டி, இங்க வந்து பாருங்க. ஈஸ்ட்ல சாயம் விட்டிருக்கறன், நீலமாத் தெரியறதெல்லாம் செத்துருச்சு. வெள்ளையா இருக்கறது உசுரோட இருக்குது.”

கமலா ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “உயிரோட இருக்குன்னா இது சைவமா, அசைவமா?”

“உங்க இட்லி மாவுல இருக்கறதுக்குச் சொந்தக்காரங்கதானுங்க.”

“அப்படின்னா நம்ம வீட்டு ஆளுங்கதான்,” என்று ஆன்ட்டி நிமிர்ந்தார். டாமுக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு நம் கூட்டங்களில் யாராவது திலகாவைப் பற்றி வாய் திறந்தால், ஆன்ட்டியே முந்திக்கொள்வார். “நான் நேர்ல போய்ப் பாத்திருக்கேன். அது காலேஜ் லேப் மாதிரி இருக்கு. தெரியாமப் பேசாதீங்க.”

டாம் புது ஈஸ்ட் வரவழைத்தார். வெண்ணெய் வாசனை போய்விட்டது. அடுத்த முறை நாங்கள் போனபோது, பக்கத்தில் பெரிதாக ஒரு பீர் ஆலை கட்டப்போவதாகவும், அதன் லேபைத் திலகா பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் தலையை அசைத்து மறுத்தாள். க்ரீன் கார்டு விண்ணப்பம் எங்கள் கம்பெனி வழியாகப் போயிருந்தது. கார்டு வருவதற்குள் வேலையை விட்டால் எல்லாம் போச்சு. “நான் காத்திருக்கிறேன்,” என்றார் டாம். வருடங்கள் ஓடின. அவர் ஆலையும் கட்டி முடித்தார். லேபுக்கு வேறு ஆளைப் போடவில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு ஒரு குழப்பமும் இல்லாமல் பிறந்தது. தேதி திருத்த ஆள் தேவைப்படவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். திரும்பி வந்த திலகா தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“மார்ச் கடைசி வரைக்கும்தான் வேலை. அதுக்குள்ள கார்டு வரலைன்னா டாமும் இல்ல, அமெரிக்காவும் இல்ல. திருப்பூர்தான்.”

“இப்ப என்ன பண்ணப் போற?” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நாளைக்குச் சனிக்கிழமைதானே? பால்டிமோர் போலாம். நீ டிரைவ் பண்றயா, நான் பண்ணட்டுமா?”

அந்த வாரங்களில் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போவாள். மார்ச் நடுவில் ஒரு நாள் மதியம் என் மேசைப் போன் அடித்தது. வீட்டுக்குப் போய்த் தபால்பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

“வந்துருச்சு, மாலதி.” க்ரீன் கார்டு. அதையே மூன்று முறை சொன்னாள். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

வேலை போனவர்களுக்கு ஆபீசில் கேக் வெட்டினார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் திலகா ஒருத்திதான்.

அப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி. பேச்சைத் தொடங்கத் தைரியம் வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திருப்பூருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. லேப் வேலை என்று ஆரம்பித்தவள், மறைக்க மனமில்லாமல், பீர் ஆலை என்று சொல்லிவிட்டாள்.  

“அங்க உன்னைய மதிக்கறாங்களா?” என்று கேட்டார் அப்பா.

“மதிக்கறாங்கப்பா. மூணு வருசமா எனக்காக எடத்தக் காலியா வெச்சிருக்காங்க.”

“அப்பறம் என்ன, போ. வெளிய கேட்டா, நம்ம புள்ள படிச்ச படிப்புக்கே அமெரிக்காவுல வேலை பாக்குதுன்னு சொல்லிக்கறேன்.”

கடைசிவரை அந்த ஆலையில்தான் இருந்தாள். அவளுக்குக் கீழே பலர் வேலை பார்த்தார்கள். வாழைப்பழ வாசனை வரும் அந்தக் கோதுமை பீரைச் செய்ய டாமைச் சம்மதிக்கவைத்துவிட்டதாக ஒருமுறை போனில் சொல்லி, ஒரு குழந்தைபோலக் கத்தினாள்.

அவளிடமிருந்து என்னிடம் தங்கியது பீர் அல்ல. இன்றும் எனக்கு இரண்டு வாய்தான். அவள் வேலை மாறிய அந்தக் கோடையில் ஆபீஸ் என்னை முதல்முறையாகத் தனியாகப் பிட்ஸ்பர்க் அனுப்பியது. சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

“ரூம்ல உக்காந்து பிரெட் திங்காத. கீழ எறங்கி நட. ஏதாச்சும் ஒரு எடத்துல போய் கவுண்டர்ல உக்காரு. டேபிள்ல உக்காந்தா மெனு கார்டோடதான் பேசோணும்.”

போனேன். கவுண்டரில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து ஸ்டூலில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். அவர் பேசப் பேச அந்த ஊர் எனக்குப் பழகிய ஊராகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் அறைக்குள் அடைந்துகிடந்ததில்லை. தெரியாத ஊரில் தெரியாத மனிதருக்குப் பக்கத்தில் போய் உட்காரும் துணிச்சல் அவள் எனக்குக் கொடுத்தது.

சனிக்கிழமை பால்டிமோரில் இறுதிச் சடங்கு முடிந்ததும், டாமின் அந்தப் பழைய ப்ரூபப்புக்குப் போனோம். சேகர் வண்டியை நிறுத்தப் போனார். நான் மட்டும் முன்னால் உள்ளே போய் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஊருக்குப் புதியவர் போலிருந்த ஒரு இளம்பெண், தோள்பையோடு தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள். பக்கத்து ஸ்டூலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, “வாங்க, உட்காருங்க,” என்றேன்.