டீம் விட்டுப் போன ஊர்

என் கணவர் பேஸ்போல் பார்க்கத் தொடங்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடல் கடந்து வந்து வால்தம்ஸ்டோவில் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம், பக்கத்துப் பூங்காவில் நடக்கும் கிரிக்கெட்டைக்கூட நின்று பார்க்காத மனிதர். எங்கள் ஒரே மகள் வேலைக்காக அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு நகரத்துக்குப் போன பிறகுதான் இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அந்த நகரத்துக்கென்று ஒரு டீம் இருந்தது. அங்கே மத்தியானம் தொடங்கும் ஆட்டம் இங்கே இராச் சாப்பாட்டு நேரத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே பார்ப்பாள், இவர் இங்கே பார்ப்பார், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கதைப்பார்கள். நான் குசினியில் சமைத்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"பள்ளிக்கூடத்திலை எல்லே விளையாடினனாங்கள்தானே, இது அதுதான்" என்று எனக்கு விளக்கம் வேறு. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற எங்கள் நாட்டு விளையாட்டு அது. இவர் ஓடினார் என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை.

நான் சந்தேகக்காரிதான். அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டவள் நான். 'கொஞ்ச நாளைக்கு' என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. மகளும் "ரெண்டு வருஷம்தான் அம்மா" என்று சொல்லித்தான் விமானம் ஏறினாள்.

முதல் சீசனில் அந்த டீமின் முதலாளி ஒரு பாட்டுப் பாடத் தொடங்கினார். மைதானம் பழசாகிவிட்டது, மழை பெய்தால் ஒழுகுகிறது, நகரசபை புதிதாகக் கட்டித் தந்தால் நல்லது. மற்றபடி இந்த நகரத்தை விட்டு எங்கேயும் போவதாக எண்ணமில்லையாம். அப்பாவும் மகளும் அதை நம்பினார்கள். "அவன் போகப் போறான்" என்று நான் குசினியில் இருந்தே சொன்னேன். கேட்காத ஒன்றுக்கு இல்லையென்று பதில் சொல்பவனை நான் நம்புவதில்லை.

இரண்டாவது சீசன் நடுவில் முதலாளி அறிவித்துவிட்டார். பாலைவனப் பக்கம் ஒரு நகரத்தில் புது மைதானம் கட்டப் போகிறார்கள், டீம் அங்கே போகிறது. கடைசி ஆட்டத்தன்று சனம் அழுதது. ஒரு வயதான மனிதர் மைதானத்து மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என் கணவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கு அழுகை வரவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோசமாகவே இருந்தது. போனைப் பறித்து மகளிடம் கேட்டேன்: "டீமே வெளிக்கிடுது. உனக்கென்ன அங்கை வேலை?" அவள் சிரித்தாள். தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் சிரித்தாள். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சீசன் கேவலமான சீசன். புது மைதானம் இன்னும் வெறும் படம்தான். அதுவரைக்கும் தற்காலிகமாக வேறொரு சிறிய ஊரில் இரவல் மைதானத்தில் ஆடினார்கள். சட்டையில் பழைய ஊரின் பெயரை எடுத்துவிட்டார்கள், எந்த ஊரின் பெயரையும் போடவில்லை. வெயிலில் ஆட்டக்காரர்கள் வாடிப்போய் நின்றார்கள். தோற்றுக்கொண்டே இருந்தார்கள். கட்டட வேலை அடுத்த வருடம் தொடங்கும் என்று முதலாளி பேட்டி கொடுத்தார், பிறகு அதற்கடுத்த வருடம் என்றார். நான் அந்த மனிதரைத் திட்டாத ஞாயிறு இல்லை. மகளின் இரண்டு வருடமும் அந்தச் சீசனில்தான் முடிந்தது. "வேலையிலை இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொல்லிக் கேட்டிருக்கினம் அம்மா" என்றாள். அவள் வந்து சேர வேண்டுமென்று ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன்.

நான்காவது சீசனில் டீம் வெல்லத் தொடங்கியது. இரவல் மைதானத்தில், ஊர்ப்பெயர் இல்லாத சட்டையோடு. கணவர் குழந்தைபோலக் கை தட்டினார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு நடுவில், மகள் என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"அம்மா, தூள் எப்பிடி வறுக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ."

ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் நான் வறுத்து அரைத்த கறித்தூளைத்தான் அவள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போவாள். தூள் தீர்ந்தால் மறுபடி இங்கே வந்து எடுப்பாள். திரும்பி வரப் போகிறவளுக்கு வறுக்கிற பக்குவம் எதற்கு?

ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த செத்தல் மிளகாயைத் தனியாக வறுக்க வேண்டும், மல்லி வெடிக்கும் பருவத்தில் இறக்க வேண்டும், வெந்தயம் கருகினால் எல்லாம் கைக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். செத்தல் நெடி வந்தால் இருமி முடியாது, வீட்டுப் புகை அலாரம் அடிக்கும். அதனால்தான் இங்கே எங்கள் சனம் காஸ் அடுப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்து வறுக்கிறது. அவள் இருப்பதோ ஒன்பதாம் மாடியில், ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. நான் போய்ப் பார்த்த வீடு.

"உந்த ஃபிளாட்டிலை எங்கை வைச்சு வறுப்பாய்?" என்று கேட்டேன்.

"வெளியிலைதான் அம்மா. பின்னாலை பாக்யார்ட் பெரிசு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். "அது வந்து அம்மா..." என்று இழுத்தாள். ஒன்பதாம் மாடிக்குப் பின்வளவு ஏது? வீடு வாங்கிவிட்டாள். நான் போனை மேசையில் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தேன். அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்த கார் விளம்பரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும். தானே உமக்குச் சொல்லவேணும் எண்டு நிண்டவள். பிறகு பயத்திலை விட்டிட்டாள்."

"நான் இவ்வளவு நாளும் அந்த முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தன். நீங்கள் பக்கத்திலை இருந்து ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் குறைத்தார். "உமக்கு ஆரிலையாவது சந்தேகப்பட வேணும். பிள்ளையிலை படுறதிலும் பாக்க அவனிலை படட்டும் எண்டு விட்டன்."

எனக்குக் கடுங்கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கூடியது. முன்பின் பார்த்திராத ஒரு பணக்காரனின் ஒவ்வொரு வார்த்தையையும் கிண்டிக் கிளறியிருக்கிறேன். என் பிள்ளையிடம் ஒருமுறைகூட "நீ வருவியோ, மாட்டியோ?" என்று நேரே கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை.

மேசையிலிருந்து போன் மெல்லக் கேட்டது. "அம்மா? இருக்கிறீங்களோ?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. பெரிய வேலை பார்க்கிறவள், தன் உழைப்பில் வீடு வாங்கியவள், அந்தச் சந்தோசத்தை என்னிடம் சொல்ல முடியாமல் கறித்தூளைக் கேட்டு வந்திருக்கிறாள். அவள் வராததைவிட அதுதான் எனக்கு அதிகமாக நொந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"இருக்கிறன். எவ்வளவு மல்லி வாங்கி வைச்சிருக்கிறாய்?"

"அரைக் கிலோ."

"காணாது" என்றேன். "ரெண்டு கிலோவா வாங்கு பிள்ளை. அந்த வீட்டுக்கு நாங்களும் வருவம்."