பக்கத்து நாடுதானே என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். பிராங்பேர்ட்டில் வேலை முடிந்து எஸ்-பான் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது தம்பியின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் பேசியது ஒரு நேர்ஸ். ஊரிலிருந்து ஏஜென்சி மூலம் களவாகக் கனடாவுக்குப் புறப்பட்டவன், வழியில் காய்ச்சல் முற்றி, கொலம்பியாவில் பொகோட்டா ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். கூட வந்தவர்கள் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு போனை அவனிடம் கொடுத்தாள்.

"அக்கா, இஞ்சை ஒருத்தற்ற பாஷையும் விளங்கேல்லை. எங்கட ஆக்கள் ஆரும் இருந்தால் வரச்சொல்லு."

நானே ஓடியிருப்பேன். ஆனால் என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பாஸ்போர்ட். அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு டெர்மின், அதாவது போய்ப் பார்க்கும் நேரம், அடுத்த கிழமைதான் என்றார்கள். அழுதும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

இரண்டு நாளாகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் நம்பர் கிடைத்தது. முன்பின் தெரியாதவர்.

"பக்கத்து நாடுதானே அண்ணை, ஒருக்கா போய்ப் பாருங்கோ" என்றேன். செத்தவீடு என்றால் வேலை முடிந்த கையோடு பாரிசுக்கும் சூரிச்சுக்கும் காரெடுத்துப் போய் வருகிறவர்கள் நாங்கள். பக்கத்து நாடு என்றால் எனக்கு அவ்வளவு தூரம்தான்.

"தங்கச்சி, இது ஐரோப்பா இல்லை. நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேலை. பிளேனிலையே ஆறு மணித்தியாலம். நீங்கள் அங்கையிருந்து துபாய்க்குப் போற மாதிரி."

தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். போனை வைக்கப் போனேன்.

"பொறுங்கோ. காலமை ஒரு பிளேன் இருக்கு. போறன்" என்றார்.

மறுநாள் அவர் விமானம் ஏறியதும் தம்பிக்குச் சொன்னேன். "ஒரு அண்ணை வாறார். பயப்பிடாதை."

"ஓம் அக்கா" என்றான். அதைச் சொல்லவே அவனுக்கு மூச்சு வாங்கியது.

இரண்டு நாளாகத் தண்ணீர் கூட ஒழுங்காகக் குடிக்காத நான், அதற்குப் பிறகுதான் குளித்தேன். சோறு வைத்து, முட்டை பொரித்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். எங்கள் மனிசர் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார், இனி அவன் தனியாக இல்லை என்று மனம் அடங்கிவிட்டது.

மாலையில் அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, பிந்திப் போனன். நான் ஏறின கொஞ்ச நேரத்திலையே தம்பி போயிட்டானாம்."

அவர் உடனே திரும்பிப் போகவில்லை. அங்கேயே தங்கி, தேவாரம் பாடி, வாய்க்கரிசி போட்டு, எல்லாம் முடித்துவிட்டுத்தான் போனார். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அவரை நேரில் கண்டதில்லை.

ஒருவராவது போய்ச் சேர்ந்தாரே, அந்தமட்டில் ஆறுதல் என்கிறார்கள். எனக்கு ஆறுதல் இல்லை. நான் சோறு தின்றுகொண்டிருந்தபோது அவன் உயிரோடு இல்லை. ஆனாலும் அந்த அண்ணை ஆகாயத்தில் இருந்த ஆறு மணித்தியாலம்தான், நான் கடைசியாக நம்பிக்கையோடு இருந்த நேரம்.