பாலம் திறந்திருந்தது

க்ரோனிங்கன் ரயில் நிலையத்தருகே வாடகை சைக்கிள் கடை நடத்தும் ஃபென்னாவிடம் ஒரு சாக்கு மட்டும் செல்லாது. வண்டியைத் தாமதமாகக் கொண்டுவரும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும், சொல்லி வைத்தாற்போல, பாலம் திறந்திருந்தது என்பார்கள். கால்வாயில் படகு வந்தால் பாலம் தூக்கப்படுவதும் ஊரே காத்து நிற்பதும் உண்மைதான். ஆனால் எந்தப் படகு, என்ன நிறம் என்று ஃபென்னா நோண்டி நோண்டிக் கேட்பாள். பாதிப் பேர் அங்கேயே முழிப்பார்கள். அபராதத்தை வாங்கிக்கொண்டு, "பாலத்து மேல பழி போடாதீங்க, பாவம், வாயில்லாதது" என்பாள். மகள் எல்ஸ்கே இதைக் கேட்டே வளர்ந்தவள்.

அந்த எல்ஸ்கேவுக்கு அன்று முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மணி அடித்ததும் பல்கலைக்கழக மண்டபக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன்பிறகு பெற்ற தாயே வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். கடைக்குள் கிரீஸ் வாசனையில் படித்த பெண் கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்களுக்குப் பதில் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் ஃபென்னாவின் ஒரே ஆசை.

சம்பந்தி வெர்னன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். டிராக்டர் விற்பவர், ஆஜானுபாகு, சைக்கிளைச் சிறுவயதோடு விட்டவர். காலையில் ஃபென்னா ஒரு வண்டியைக் கொடுத்துப் பார்த்தாள். இந்த ஊர் வண்டியில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். மனிதர் சும்மா பின்னால் மிதித்தார், வண்டி சட்டென்று நின்றது, வேலிச்செடிக்குள் விழுந்தார். எழுந்து தட்டிக்கொண்டு, காரிலேயே வந்துவிடுவதாகக் கௌரவமாகச் சொல்லிவிட்டார்.

ஃபென்னா தலையில் அடித்துக்கொண்டாள். நகரத்தின் நடுவே கார் குறுக்கே போக வழியே கிடையாது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் சுற்றுச்சாலைக்கே திருப்பி அனுப்பும். சொன்னால் கேட்டால்தானே? அவள் கடையைப் பூட்டும் நேரத்தில், ஊரைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, வாடிய பூங்கொத்தோடு கடை வாசலிலேயே வந்து இறங்கினார். நடந்து போக நேரமில்லை.

"பின்னால ஏறிக்குங்க" என்று சொல்லி ஃபென்னா மிதிக்க ஆரம்பித்தாள்.

இங்கே வண்டி நகர்ந்த பிறகுதான் பின்னால் ஓடிவந்து கேரியரில் தாவி உட்காருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. பின்னால் அவர் இருப்பதாக நினைத்து எல்ஸ்கேவின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனாள். மனம் முழுக்க மண்டபத்தில் இருந்ததால் பாரம் ஏறாததே உறைக்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் வண்டி லேசாக ஏறியபோதுதான் திரும்பினாள். கேரியர் காலி. தூரத்தில் கடை வாசலில், அவள் வண்டியை நிறுத்துவாள் என்று பூங்கொத்தோடு மரியாதையாக நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

பாலம் திறக்கவில்லை. எதிரே கோபுரக் கடிகாரம் தெரிந்தது. தனியாகப் போனால் கதவு சாத்தும் முன் நிச்சயம் போய்விடலாம். ஃபென்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்த மனிதரைத் தெருவில் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் அந்த நாற்காலி குத்தாதா? கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

வெர்னன் முதலில் தாவியபோது வண்டி சாய்ந்தது. அடுத்த தடவை பூங்கொத்து விழுந்தது. ஒருவழியாக ஏறி, போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. காவலர் தலையை மட்டும் ஆட்டினார். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே மகளின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை.

"நீங்க எனக்காகத் திரும்பி வந்திருக்கக் கூடாதுங்க" என்றார் வெர்னன். அப்போது ஃபென்னாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கைதட்டல் கேட்டது. கதவு திறந்து எல்ஸ்கே வந்தாள். கையில் பட்டம், கண்ணில் நீர்.

"எங்கேம்மா போன? உன் நாற்காலி கடைசி வரைக்கும் காலியாவே இருந்துச்சு."

வெர்னன் தலைகுனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபென்னா முந்திக்கொண்டாள்.

"பாலம் தொறந்திருந்துச்சு."

எல்ஸ்கே அம்மாவைப் பார்த்தாள். மாமனாரின் கோட்டில் ஒட்டியிருந்த வேலி இலைகளையும், நசுங்கிய பூங்கொத்தையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"எந்தப் படகும்மா? என்ன நிறம்?"

ஃபென்னா முழித்தாள். மகள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.