மரங்கொத்தியின் கால்

"பெருமாள், இந்தக் கால வரைஞ்சது யாரு?" என்று ஹோட்டல் மேனேஜர் கேட்டபோது, பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அதுவரை நான் தோட்டத்து பெயின்டர். ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு ஸ்டென்சில் வைத்து மார்க் அடிப்பேன், கொழுந்து பறிக்கும் மலைகளுக்கு நம்பர் போர்டு எழுதுவேன், திருவிழாவுக்குக் கோயில் சுவரில் மயில் வரைவேன். ஹோட்டலில் பெயின்ட் அடிப்பது, தேநீர் பரிமாறுவது என்று எல்லாவற்றுக்குமாக ஆறு மாதத் தற்காலிக வேலை கொடுத்தார்கள். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்றார்கள். மனைவி மூட்டுவலியோடு மழையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தால் அவள் வேலையை விட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

பங்களாவின் நீள நடையில் வெள்ளைக்காரன் காலத்துப் பறவைப் படங்கள் வரிசையாகத் தொங்கின. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வர்ணம் பூசியவை. ஈரத்தில் கண்ணாடிக்குள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவற்றை ஃபெக்டரிக்குத் தூக்கிப்போய், கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு நாள் காயவைத்து, கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தேன். மரங்கொத்திப் படத்தில் மட்டும் பூஞ்சணம் ஒரு காலையே தின்றிருந்தது.

மற்றக் காலைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கலாம். ஆனால் அது சுத்தக் கோழிக்கால். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. நிழல் மரத்தில் செங்குத்தாக ஏறும் மரங்கொத்தியைத் தினமும் பார்க்கிறவன் நான். அதற்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மனசு கேட்கவில்லை. இரண்டு கால்களையும் சரியாக வரைந்துவிட்டேன்.

பழைய படங்கள் சேர்க்கும் ஒரு விருந்தாளி அதைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் செத்த பறவையின் தோலை, விரல்கள் சுருண்டு காய்ந்தபடியே கப்பலில் அனுப்புவார்களாம். உயிரோடு பறவையைப் பார்க்காதவர்கள் அதை வைத்து வரைவார்களாம். அந்தத் தப்பும் படத்தின் சரித்திரம், அதில் கைவைக்கக் கூடாது என்றாராம்.

"ஐயா, மரங்கொத்திக்குக் காலு இப்படித்தாங்க இருக்கும். வெளிய வாங்க, காட்டுறேன்."

"கறைய எடுக்கத்தானே சொன்னேன்? வெள்ளக்காரன் வரைஞ்சத திருத்துற அளவுக்கு நீ பெரிய ஆளா?"

"தப்பா இருந்திச்சுங்க."

"தப்போட இருந்தாத்தான்யா அது பழசு! முந்தி மாதிரியே ஆக்கு. இல்லாட்டி நாளையிலேருந்து வராத."

லயத்து வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொல்ற மாதிரியே வரைஞ்சு குடுத்திட்டு வாங்க. மரங்கொத்தி வந்து கேக்கவா போகுது?"



மறுநாள் என் கால்களைச் சுரண்டிவிட்டுக் கோழிக்கால்களை வரைந்தேன். முன்விரல் மூன்றும் பின்விரலும் கொஞ்சமும் பிசகாமல் வந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

கடிதம் கிடைத்தது. மனைவி கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தினாள். மேனேஜர் விருந்தாளிகளை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி, "ஒரு கோடுகூட மாறாத அசல்" என்று சொல்வார். தேநீர்த் தட்டோடு நானும் பக்கத்தில் நிற்பேன்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்தவர் படத்தில் கைவைக்காதீர்கள். அந்த விருந்தாளி சொன்னது நியாயம்தான். ஆனால் வெளியே வந்து மரத்தைப் பார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. சரியாக வரைந்ததற்கு என்னை விரட்டப் பார்த்தார்கள். தெரிந்தே தப்பாக வரைந்தேன், நிரந்தரமாக்கினார்கள். ஓய்வு பெறும்வரை அந்தச் சோற்றைத்தான் தின்றேன்.